சந்து வழி

"சார், முன்னாடி ரோடு பூரா பசங்க உட்கார்ந்திருக்காங்க. இடது பக்கச் சந்துல விட்டா அஞ்சே நிமிஷத்துல மாநாட்டு வாசல்" என்றார் ஓட்டுநர்.

"சந்தா? புது வண்டிப்பா. கீறல் விழுந்தா ஆபீஸுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் பின்சீட்டு அதிகாரி.

ஓட்டுநர் வேலையில் சேர்ந்து மூன்றே நாள். தாமதமாகக் கொண்டுபோய் விட்டதற்காகத்தான் முந்தையவருக்குச் சீட்டுக் கிழிந்தது. மணி ஒன்பது ஐம்பது. பத்து மணிக்கு வாக்கெடுப்பு.

போன் அடித்தது. மேலதிகாரியின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "எங்கய்யா இருக்கீங்க? கடல்ல கழிவு கொட்டத் தடை கேட்டு பாதி நாடுங்க நிக்குது. நீங்க போய் எதிர்த்துக் கையைத் தூக்கினாத்தான் அந்தத் தடை தோக்கும்!"

"வழியை மறிச்சு உட்கார்ந்திருக்குங்க சார், பொடிசுங்க! மீசை முளைக்கல, அதுக்குள்ள உலகத்தைத் திருத்த வந்துட்டாங்க!" என்று அதிகாரியும் கத்தினார்.

ஓட்டுநருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நடந்தா எட்டு நிமிஷம் சார். பையை நான் தூக்கிட்டு வரேன்."

"என் முட்டி இருக்கிற இருப்புலயா?"

காலையில் மூன்று மாடி தடதடவென்று இறங்கி வந்த முட்டிதான்.

"ஹார்னாவது அடிக்கட்டுமா சார்?"

"பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்குப்பா."

"அது பல் ஆஸ்பத்திரி சார்."

"பல் வலிக்காரனுக்குத்தான்யா சத்தமே ஆகாது."

வெளியே, கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் நின்ற ஒரு பெண், "கடல் என்ன உங்க வீட்டுக் குப்பைத்தொட்டியா?" என்று கேட்டாள். நூறு பேர் அதையே திருப்பிக் கேட்டார்கள்.

"தொண்டையைப் பாருங்க சார். இதை வீட்டுல எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ!"

"அப்பன்காரன் பாவம்" என்றார் அதிகாரி.

பத்தே காலுக்குப் போன் மறுபடி அடித்தது. இந்த முறை அவர் அதைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். "அப்படியா சார்? தடை வந்துடுச்சா? ஒரே ஓட்டுலயா! அடடா..."

ஓட்டுநர் பின்னால் திரும்பினார். "சார், என் வேலை..."

"உங்க மேல தப்பில்லப்பா. சாலை மறியல்னு நானே எழுதித் தரேன்."

சொல்லிவிட்டு அதிகாரி கண்ணாடியை இறக்கினார். டப்பா மேல் நின்றவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "முடிஞ்சிருச்சு கண்ணு, எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லு! அம்மா உனக்கு வெந்நீர் குடுத்து விட்டிருக்கா."

அவள் குதித்து ஓடி வந்து ஜன்னலில் தலையை நுழைத்தாள்.

"நீ சொன்ன மாதிரியே ஒன்பதரைக்கு உட்கார்ந்துட்டோம்ப்பா! ஆனா அந்தச் சந்தை அடைக்க மறந்தே போச்சு... எப்படிப்பா சமாளிச்சே?"