போடாத ஏசி

துரைக்கண்ணு மாதிரி ஒரு கஞ்சப் பிசினாரியைத் திண்டிவனமே பார்த்திருக்காது. இது பக்கத்து வீட்டு லூர்துசெல்வியின் தீர்ப்பு.

மதில் தாண்டிய இவள் வீட்டு முருங்கைக் கிளையை அவர் வெட்டிப் போட்டதிலிருந்து அவரோடு பேச்சே கிடையாது. அவர் மனைவி பாஞ்சாலியோடு மட்டும் உண்டு.

அந்த மனுஷன் மாடியில் சோலார் போட்டார். அதை ஈபி லைனோடு சேர்க்கச் சொல்லி ஆபீசுக்கு நடையாய் நடந்தார்.

"பேஜாரு புடிச்சவனுங்க! மீட்டர் மாட்டாம உடமாட்டேன் பாஞ்சாலி. இன்னைக்கு அங்கியே குந்திக்கினு இருக்கப் போறேன்!"

குந்தினார். மாட்ட வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

சித்திரை வெயிலில் மகள் கலைப்பிரியா தலைப்பிரசவத்துக்கு விழுப்புரத்திலிருந்து வந்தாள்.

"அப்பா, ஏசி போட்டுக்கவா?"

"சாயங்காலம் போட்டுக்கம்மா. பகல்ல அதுல கைய வெக்கக் கூடாது."

மதிலோரம் இதைக் கேட்ட லூர்துசெல்வி, உள்ளே வந்து கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

"வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு வேர்த்து ஊத்திக்கினு கெடக்குது. இவரு மிச்சக் கரண்ட்டை லைன்ல உட்டு பில்லுல கழிச்சிக்கிறாராம். இதெல்லாம் ஒரு பொழப்பா?"

செபஸ்தியான் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. கல்குவாரித் தூசி நெஞ்சைத் தின்றுவிட்டது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சில்லை.

அவர்களுடையது தெருக்கோடி வீடு. பகலில் வயல் மோட்டார்கள் ஓடினால் வோல்டேஜ் படுத்துவிடும், மெஷின் அலற ஆரம்பித்துவிடும். கொஞ்ச நாளாகத்தான் அந்தத் தொல்லை இல்லை. மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி வீண்போகவில்லை என்று லூர்துசெல்வி நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் பல்பு மங்கியது. மெஷின் அலறியது. செபஸ்தியானுக்கு மூச்சு இழுத்தது.

ரோஷத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நல்லவேளை, துரைக்கண்ணு இல்லை.

"அக்கா, ஜல்தி வாக்கா! மெஷின் கத்துது, அவரு மூச்சுக்குத் தவிக்கிறாரு!"

பாஞ்சாலி வாசலுக்கு வரவில்லை. படுக்கையறைக்குள் ஓடினாள்.

"அடியே பிரியா! அப்பா இல்லாத நேரம் பாத்து ஏசி போட்டியா? நிறுத்துடி!"

சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் மெஷினின் அலறல் நின்றது.

லூர்துசெல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாக்கா இது?"

"பகல்ல ஏசி போட்டா சோலார் கரண்ட்டை அதுவே குடிச்சிடுது. லைன்ல உட்டாத்தான் கடைசி வீட்டுல வோல்டேஜ் நிக்குமாம், லைன்மேன் சொன்னாரு."

பாஞ்சாலி குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிடாதே. உன் வூட்டு மெஷின் அலறுறதைக் கேக்க முடியாமத்தான்டி அவரு இந்த சோலாரையே போட்டாரு!"