நிறுத்தாமல் மாற்றியவர்

வீட்டுக்குள் நுழையும்போதே அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இன்னிக்கு ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரே என் கையைக் குலுக்கினார். நோயாளிங்களுக்கு நாள் முழுக்க மெசேஜ் அனுப்புற புரோகிராமைப் புதுசா எழுதி மாத்தினேன் இல்ல, ஒரு மாசமா ஒரு புகார்கூட இல்லையாம். பழசு ஓட்டை வண்டி, இது பறக்குதுன்னார். நீ கோவிச்சுக்காதே."

"நான் எதுக்குக் கோவிச்சுக்கணும்?" மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மாத்தினப்போ எவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சீங்க?"

"நிறுத்துறதா? ஓட ஓடவே மாத்தினேன். ஒருத்தருக்கும் தெரியலை. அங்கதான் நிக்கிறான் உன் புருஷன்."

"அப்புறமாவது நிறுத்தினீங்களா?"

"நல்லா ஓடுறதை எதுக்கு நிறுத்தணும்?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். "நிறுத்தித் திரும்ப ஓட விட்டாதாங்க கம்ப்யூட்டர் நீங்க எழுதின புதுசை எடுத்துக்கும். அதுவரைக்கும் ஓடுறது பழசுதான். அங்க வேலை பார்த்தப்போ நான் எழுதினேனே, அந்த ஓட்டை வண்டி."

"அப்ப என்னோடது?"

"இன்னும் ஒரு மெசேஜ்கூட அனுப்பலை. அதான் புகார் வரலை."

பெரிய டாக்டர் குலுக்கிய கையை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அதை மெல்ல மனைவியிடம் நீட்டினார்.

"டாக்டர் உனக்குக் கொடுத்தனுப்பினார்."