நட்சத்திரம் இல்லாத பெயர்

"எல்லார் பேருக்கு நேராவும் நட்சத்திரம் மின்னுது. உன் பேருக்கு நேரா மட்டும் வழிச்சுத் துடைச்ச மாதிரி இருக்கு. வெட்கமா இல்ல?"

ஆறாம் வகுப்பு ஆசிரியை சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டிக் கேட்டார். எதிரே நின்ற சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

பாடத்தைத் தாண்டிப் பிள்ளைகள் ஆசை ஆசையாகப் படிக்க வேண்டும் என்று ஆசிரியை அலைந்து திரிந்து சேர்த்த கதைப் புத்தகங்கள், வகுப்பு மூலையில் ஓர் அலமாரி நிறைய இருந்தன. ஒரு புத்தகம் படித்து அரைப் பக்கம் எழுதித் தந்தால் ஒரு நட்சத்திரம். நாலே மாதத்தில் பட்டியல் பளபளத்தது. ஒரு கதையை ஒருத்தி எழுதினால், அதே வாரம் பத்துப் பேர் எழுதினார்கள். நல்ல புத்தகம் கை மாறுகிறது என்று ஆசிரியைக்கு உச்சி குளிர்ந்தது. தலைமையாசிரியர்கூட மற்ற ஆசிரியர்களை அழைத்து வந்து காட்டினார்.

கண்ணில் விழுந்த தூசியாக இவள் ஒருத்திதான்.

"வாரம் ரெண்டு மூணு புத்தகம் எடுத்துட்டுப் போறே. ஒரு வரி எழுதித் தர மாட்டேங்கறே. பைக்குப் பாரம் பத்தலைன்னு தூக்கிட்டுப் போறியா?"

"படிக்கிறேன் மிஸ்."

"அப்போ எழுது."

"எழுதணும்னு நெனச்சுக்கிட்டே படிச்சா, கதை ஓடிப்போயிடுது மிஸ்."

வகுப்பு கொல்லென்று சிரிக்கும் என்று ஆசிரியை எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"வாய் மட்டும் நல்லாப் பேசு." அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அலமாரிக்குள் வைத்தார். "இனிமே கதைப் புத்தக நேரத்துல நீ பக்கத்து அறையில உட்கார்ந்து கணக்குப் போடு. யாரும் இவளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. என்ன, புரிஞ்சுதா?"

"இன்னும் பதினஞ்சு பக்கம்தான் மிஸ்..."

"போம்மா."

அவள் போனாள். அதட்டியது கொஞ்சம் அதிகமோ என்று அன்று மாலையே ஆசிரியைக்கு மனசு உறுத்தியது. நாளைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளை, நாளையென்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஒரு மதியம் சிறுமியின் அம்மா பள்ளிக்கு வந்தாள். அவள் கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. அலுவலகத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி விடைபெற வந்து நின்றாள்.

"புது ஸ்கூல்லயாவது நல்லாப் படிக்கணும், என்ன?" ஆசிரியை சிறுமியின் கன்னத்தைத் தட்டினார்.

அவள் தலையாட்டினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மிஸ், அந்தப் படகுல போன அண்ணனும் தம்பியும் வீடு வந்து சேர்ந்தாங்களா?"

"எந்தப் படகும்மா?"

"என்கிட்ட வாங்கி வெச்சீங்களே, அந்தப் புத்தகத்துல."

ஆசிரியைக்குத் தெரியவில்லை. அலமாரியில் இருந்த புத்தகங்களில் பாதியை அவர் புரட்டிப் பார்த்ததுகூட இல்லை.

"வந்து... வந்திருப்பாங்க."

சிறுமி அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். "பரவாயில்ல மிஸ்" என்று சொல்லி அம்மாவோடு நடந்தாள்.

ஆசிரியைக்கு அப்போதுதான் உறைத்தது. படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! விடுவிடுவென்று வகுப்புக்குப் போய், அலமாரியைக் கலைத்து, அட்டையில் படகு போட்ட புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவர்கள் ஏறிய வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

வகுப்புக்குத் திரும்பியவருக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. பட்டியல் கண்ணில் பட்டது. மூன்று வாரமாக ஒரு நட்சத்திரம்கூட ஏறவில்லை. பரீட்சை நெருங்குவதால் இருக்கும் என்று விட்டிருந்தார்.

"உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? அலமாரி நிறையப் புத்தகம் இருக்கு, ஒருத்தரும் ஒரு வரி எழுதித் தரலையே?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது நட்சத்திரம் வாங்கிய வகுப்புத் தலைவி மெதுவாக எழுந்தாள். அழுதிருந்தாள்.

"மிஸ், நாங்க யாரும் ஒரு புத்தகத்தைக்கூடப் பிரிச்சுப் பார்த்ததில்ல. சாப்பாட்டு நேரத்துல அவ சொல்ற கதையைத்தான் எல்லாரும் எழுதுவோம்."