சிறப்பு நாட்கள் நீங்கலாக

"பாவாடையா? நானா?"

சுற்றறிக்கையைப் படித்த தலைமை எழுத்தருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

'திங்கள் முதல், மறு அறிவிப்பு வரும் வரை, உலக ஆண்கள் உடைச் சிறப்பு நாட்கள். ஆண் ஊழியர்கள் அனைவரும் ஏதாவது ஒரு நாட்டின் பாரம்பரிய உடையில் வர வேண்டும். ஒரே நிபந்தனை: இரண்டு காலுக்கும் தனித்தனிக் குழாய் உள்ள உடை கூடாது. - மேலாளர்.'

அது பம்பு செட் செய்யும் கம்பெனி. தலைமை எழுத்தருக்கு அங்கே இருபத்தாறு வருட சர்வீஸ். விதிப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் கூப்பிடும் பெயர் ரூல்தடி.

"புது மேனேஜர் வந்து நாலு மாசம் ஆகல. ஆபீஸை நாடகக் கொட்டகை ஆக்கிட்டாரு," என்று வீட்டில் பொருமினார்.

"நாலு நாள் சிரிச்சுட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி.

"நாலு நாள்னு எங்க போட்டிருக்கு? முடியற தேதியே இல்ல! விளம்பரப் பைத்தியம். போட்டோ எடுத்துப் பேப்பர்ல போட்டுக்கணும், அவ்வளவுதான்."

"போக முடியாதுன்னு சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? 'பேண்ட், சட்டை கட்டாயம். மேலாளர் அறிவிக்கும் சிறப்பு நாட்கள் நீங்கலாக'ன்னு புத்தகத்துலயே இருக்கு. அந்த 'நீங்கலாக' என் கையைக் கட்டிப் போட்டுடுச்சு."

விதியை மீற அவருக்குக் கை வராது. ஆனால் புகார் எழுத விதியில் தடை இல்லை. ஹெட் ஆபீசுக்கு இரண்டு பக்கம் எழுதினார். 'ஒழுங்கு காற்றில் பறக்கிறது. போன வாரம்கூட லுங்கியில் வர ஓர் ஊழியர் ஆள் அனுப்பி அனுமதி கேட்டார். நான் மறுத்தேன். இங்கே மேலாளரே...' இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் மேலாளரின் நாற்காலி ஆடும். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

திங்கட்கிழமை. நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்த ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கில்ட் பாவாடையில் தயங்கித் தயங்கி ஆபீசுக்குள் வந்தார். அதில் பாக்கெட் இல்லை. இடுப்புக்கு முன்னால் ஒரு தோல் பை தொங்கியது. புகார்க் கடிதம் அதற்குள் பத்திரமாக இருந்தது.

"சார், மடிப்பு பின்பக்கம் வரணும். திருப்பிக் கட்டியிருக்கீங்க," என்றாள் டைப்பிஸ்ட், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவருக்கு மானமே போய்விட்டது.

கேஷியர் அரபு அங்கியில் வந்திருந்தார். டெஸ்பாட்ச் கிளார்க்குக்கு ஜப்பான் கிமோனோ. கை நீளமாகத் தொங்கி, பசை டப்பாவில் தோய்ந்துகொண்டிருந்தது. மேலாளரோ பூட்டான்காரர்களின் முழங்கால் வரை வரும் 'கோ'வில், நீளமான சாக்ஸோடு, கூச்சநாச்சமே இல்லாமல் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கே கடிதத்தை அனுப்பிவிட வேண்டியதுதான். அனுப்புமுன் மேலாளர் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தார் தலைமை எழுத்தர்.

வழியில் வரைபடப் பிரிவு. இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்த ஸ்டூலில் டிராஃப்ட்ஸ்மேன் உட்கார்ந்திருந்தார். பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தார்.

"என்னய்யா, எந்த நாடு இது?"

"பர்மா சார். அங்க இதுக்கு லோஞ்சின்னு பேராம். வீட்ல கட்டற லுங்கிதான், பேரை மட்டும் மாத்திக்கிட்டேன்."

சொல்லிக்கொண்டே கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தார். லுங்கி விலகியது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, உடைந்த எலும்பைப் பிடித்து நிறுத்த, சதையைத் துளைத்துக்கொண்டு இரும்புக் கம்பிகள். அவற்றைச் சுற்றி இரும்பு வளையங்கள்.

தலைமை எழுத்தர் குனிந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

"பேண்ட் இதுக்கு மேல ஏறாது சார். நேத்தோட லீவு முடிஞ்சுது. இன்னைக்குச் சேரலன்னா வேலை போயிருக்கும். போன வாரம் என் வீட்டுக்காரி லுங்கிக்கு அனுமதி கேட்டு உங்ககிட்ட வந்தா. விதியில இடமில்லன்னு சொன்னீங்களாமே... உங்களைக் குத்தம் சொல்லல சார். ஏதோ என் நல்ல நேரம், சரியா இன்னைக்குன்னு பார்த்து இந்தச் சிறப்பு நாள் வந்துச்சு."

தலைமை எழுத்தர் மேலாளர் அறைக்குள் போய் நின்றார். கேட்க வந்த நாலு வார்த்தையில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"சார், இது இன்னும் எத்தனை நாளைக்கு?"

மேலாளர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆறு வாரம். கம்பியைக் கழட்ட அவ்வளவு நாள் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காராம். தனக்காகத்தான்னு அவருக்குத் தெரிய வேண்டாம், கூசிப் போயிடுவாரு. விதியை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல சார். அன்னைக்கு அந்தம்மாவுக்கு நீங்க புத்தகத்தைச் சத்தமாப் படிச்சுக் காட்டினீங்களே, அப்பதான் அந்தக் கடைசி வார்த்தை என் காதுல விழுந்துச்சு."

நீங்கலாக.

இருபத்தாறு வருடமாக அந்த வார்த்தையைப் படித்திருக்கிறார். ஒரு நாளும் அதற்குள் ஒரு மனிதன் நுழைய இடம் இருப்பதைப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது, கில்ட்டுக்காக இல்லை.

"ஏதோ கடிதம் கொண்டு வந்தீங்க போல?" என்றார் மேலாளர், தோல் பையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்து.

தலைமை எழுத்தர் அதை வெளியே எடுத்து, இரண்டாகக் கிழித்தார். எழுதாத பின்பக்கத்தைத் திருப்பி மேஜை மேல் வைத்து, பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க சார். நாளைக்கு எந்த நாடு?"