ரகசியம் காக்கப்படும்

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் அவள் போனில் கிசுகிசுத்தாள். "பெண்கள் பாதுகாப்பு உதவி மையமா மேடம்? என் வீட்டுக்காரர் தினமும் அடிக்கிறாருங்க."

"பயப்படாதீங்கம்மா. புதுச் சட்டம் உங்க பக்கம். எல்லாம் காதும் காதும் வச்ச மாதிரி நடக்கும். இப்ப ஒரு ஓடிபி அனுப்பியிருக்கேன், அதைச் சொன்னா புகாரைப் பதிஞ்சிடலாம்."

வீங்கிய கண்ணை இடுக்கிப் போனைப் பார்த்தாள். "எதுவும் வரலையே மேடம்."

"உங்களுக்கு வராதும்மா. விதிப்படி குடும்பத் தலைவர் நம்பருக்குத்தான் போகும்."

குளியலறைக் கதவு அதிர்ந்தது. வெளியே கணவன்.

"ஏய், வெளிய வாடி! பெண்கள் பாதுகாப்புன்னு ஏதோ ஓடிபி வந்திருக்கு, என்னடி இது?"

மறுமுனையில் குரல் உற்சாகமானது. "சார் பக்கத்துலதான் இருக்காரா? நல்லதாப் போச்சு. அந்த நம்பரைக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்கம்மா!"