அண்ணாச்சியின் கைபேசி விரதம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கோவில்பட்டி தீப்பெட்டி அதிபர் ஆறுமுகசாமி இந்த ஞாயிறு முழுவதும் கைபேசியைத் தொடமாட்டார். மனைவி காளீஸ்வரியோடு மனம்விட்டுப் பேசப்போகிறார். அவர் அட்மினாக இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களெல்லாம் கைகூப்பி விடைகொடுத்தன.

போனை பீரோவில் பூட்டிவிட்டு உட்கார்ந்தார். "ஏட்டி காளீஸ்வரி, காப்பி!"

வழக்கம்போல் தம்ளர் கைக்கு வந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தார். யாரோ ஒரு பெண்.

"நீ யாரும்மா?"

"சமையலுக்கு வந்த சுடலையம்மா, அண்ணாச்சி. ஆடியிலேருந்து நாந்தான காப்பி தாரேன்!"

"அவ எங்க?"

"ஓட்டப்பிடாரத்துல, தம்பி வீட்டுல. போன வாரங்கூடப் போயி பாத்துட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான போனாவ? நீங்களும் 'சரி, சரி'ன்னு தலையாட்டுனீயளே."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "எப்ப வருவாளாம்?"

"வரமாட்டாவளாம்."

ஆறுமுகசாமி பதறிப்போய் பீரோவைத் திறந்தார். "இப்பவே கூப்பிட்டுப் பேசுதேன்."

"அவிய போனை அடுப்படியிலேயே போட்டுட்டுத்தான் போனாவ, அண்ணாச்சி. அது இல்லாம இப்பத்தான் நல்லா உறக்கம் வருதாம்."