பதினோரு நட்சத்திரங்கள்

பத்து மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது. பத்தானதும் போதகர் வந்து பிள்ளைகளை ஆராதனைக்கு அழைத்துப்போவார். கடவுள் தன்னிடம் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு பிள்ளையும் சபை முன்னால் சொல்ல வேண்டும். ஞாயிறு பள்ளி ஆசிரியை மூன்றாவது தடவையாகக் கண்களை மூடிக் கேட்கச் சொல்கிறாள். மின்விசிறி கடகடக்கிறது. முதல் நட்சத்திர ஸ்டிக்கரை வாங்கியவன், "அம்மா பேச்சக் கேளுன்னாரு" என்று சொல்லியிருந்தான். அதன்பின் கடவுள் ஒன்பது பேரிடம் அதையே சொல்லிவிட்டார். இன்னொருத்தியிடம் மட்டும் அப்பா பேச்சையும் சேர்த்துக்கொண்டார். சுவரிலுள்ள அட்டையில் பன்னிரண்டாவது கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குரிய சிறுமி சோடாபுட்டி, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புருவம் சுருங்க இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏதாச்சும் கேட்டுச்சாம்மா?"

"ஃபேன் சத்தம் கேக்குது டீச்சர்."

"கண்ணுதான் அவுட்டுன்னு பாத்தா, காதும் அவுட்டாடி?" என்கிறான் பின்பெஞ்சுக்காரன். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

ஆசிரியையின் கட்டைவிரலில் கடைசி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. வியர்வையில் அதன் ஓரம் சுருள்கிறது. "காதால இல்லம்மா, மனசால கேளு. எல்லாருக்கும் கேக்குது, உனக்கு மட்டும் என்ன?" குரல் அவள் நினைத்ததைவிடச் சுள்ளென்று வருகிறது. நடையில் போதகரின் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. சிறுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையிலுள்ள பதினோரு நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். பிறகு மெதுவாகக் கையைத் தூக்குகிறாள்.

"டீச்சர், அப்ப நானும் ஒரு பொய் சொல்லட்டுமா?"